தொட்டியில வச்ச டூலிப் வரலியா? முதல்ல ஒரு கிழங்கைத் தோண்டிப் பாருங்க

ஏப்ரல் கடைசி வந்துட்டா எனக்கு வர்ற போட்டோ எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், ஒரு தொட்டி, தொட்டி நிறைய வெறும் மண்ணு, கூடவே "அக்கா, அக்டோபர்ல 40 கிழங்கு வச்சேன், ஒண்ணுகூட வரல, கிழங்கு மோசமா?"ன்னு ஒரு கேள்வி. நான் இருக்கறது கனடாவுல, டொராண்டோவோட கிழக்குப் பக்கம் ஸ்கார்பரோல. இங்க டவுன்ஹவுஸ்லயும் காண்டோ (அடுக்குமாடி வீடு) பால்கனியிலயும் இருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு நிலம் கிடையாது, தொட்டிதான். பல வருஷமா என் தொட்டிங்களையும் அக்கம்பக்கத்து தொட்டிங்களையும் தோண்டித் தோண்டிப் பாத்ததுல ஒண்ணு நல்லாப் புரிஞ்சுது, கடையில வாங்கின கிழங்கு மோசமா இருக்கறது ரொம்ப அபூர்வம். தப்பு பெரும்பாலும் அந்தத் தொட்டி குளிர்காலத்தை எப்படிக் கழிச்சுதுங்கறதுலதான் இருக்கு. அதைக் கண்டுபிடிக்காம அடுத்த வருஷமும் புதுசா வாங்கி வச்சா அதே கதைதான் நடக்கும், பணமும் போகும் மனசும் விட்டுப் போயிடும்.

இதுல சொல்றது எல்லாம் டொராண்டோ பக்கத்து குளிருக்கு. வான்கூவர்லயோ லண்டன்லயோ இருக்கறவங்களுக்கு உறைஞ்சு போற பகுதி அவ்வளவா பொருந்தாது, அங்க மழைத்தண்ணியில அழுகறதுதான் பெரிய தொல்லை.

எந்த அறிகுறியா இருந்தாலும் முதல் வேலை இதுதான்

ஒரு பழைய ஸ்பூன் எடுத்துக்கோங்க, கையில கிளவுஸ் போட்டுக்கோங்க (ஹயசிந்த்ங்கற பூவோட கிழங்குத் தோல் பட்டாலே சிலருக்கு அரிக்கும், டூலிப்பும் சிலருக்கு விரல் நுனியை வெடிக்க வைக்கும்). தொட்டி நடுவுல ஒண்ணு, ஓரத்துல ஒண்ணுன்னு ரெண்டு கிழங்கை மெதுவா தோண்டி எடுங்க. கடையில வெங்காயம் வாங்கும்போது அமுக்கிப் பாப்போம்ல, அதே மாதிரி அமுக்கிப் பாருங்க. கெட்டியா இருக்கா, கொழகொழன்னு இருக்கா, காஞ்சு சக்கையா இருக்கா, இல்ல கிழங்கே இல்லையா, இந்த நாலுல ஒரு பதில் கிடைச்சாலே பாதி வேலை முடிஞ்சுது. ஓரத்துக் கிழங்கையும் நடுக் கிழங்கையும் தனித்தனியா வைங்க, கலந்துடாதீங்க, அது ஏன்னு கீழ சொல்றேன்.

தோண்டினா செத்துப் போயிடுமோன்னு பயப்பட வேண்டாம், கெட்டியா இருந்தா திருப்பி அதே ஆழத்துல வச்சு மூடிடலாம்.

## அறிகுறி: ஒண்ணுமே முளைக்கல

### தோண்டறதுக்கு முன்னாடி காலண்டரைப் பாருங்க

டூலிப் மாதிரியே கிழங்குலேருந்து வர்ற பூவுக்கெல்லாம் ஒரு நேரம் இருக்கு. ஸ்னோடிராப் மார்ச்ல வரும், குரோக்கஸ் மார்ச் கடைசி ஏப்ரல், டாஃபடில் ஏப்ரல் நடுவுலேருந்து, டூலிப் ஏப்ரல் கடைசி தொடங்கி மே முழுக்க. ஏப்ரல் 5ஆம் தேதி டூலிப் வரலன்னு கவலைப்படறது அவசரம். வடக்குப் பாத்த பால்கனின்னா இன்னும் லேட் ஆகும், ஏன்னா வெளிய வெயில் அடிச்சாலும் தொட்டி நடுவுல மண்ணு இன்னும் ஐஸாவே இருக்கும். ஒரு கபாப் குச்சியை மண்ணுக்குள்ள குத்திப் பாருங்க, பாதியிலயே டக்குன்னு நின்னுதுன்னா உள்ள உறைஞ்சிருக்கு, வெயில் படற இடத்துக்கு நகர்த்திட்டு ரெண்டு வாரம் காத்திருங்க. சுடுதண்ணி ஊத்தாதீங்க.

ஒப்பிட்டுப் பாக்கணும்னா லாரன்ஸ் - லெஸ்லி பக்கம் எட்வர்ட்ஸ் கார்டன்ஸ் போய்ப் பாருங்க, அங்க டூலிப் நல்லா விரிஞ்சு நிக்குது உங்க தொட்டியில நுனிகூட தெரியலன்னா அப்பதான் தோண்டற நேரம்.

### தோண்டினேன், கிழங்கே இல்ல

அணில். சில சமயம் ரக்கூன், ஸ்கங்க், எலி. ஆனா 10ல 9 தடவை அணில்தான், ஊர்ல முதுகுல கோடு போட்ட சின்ன அணிலைப் பாத்து வளந்தவங்களுக்கு இங்க இருக்கற கருப்பு அணில் பண்ற அட்டகாசம் நம்பவே முடியாது. குழி தோண்டின அடையாளம், அக்கம்பக்கத்துல காகிதம் மாதிரி பழுப்புத் தோல் கிடக்கறது, பாதி கடிச்ச கிழங்கு, இதெல்லாம் இருந்தா உறுதி. சில சமயம் அடையாளமே இருக்காது, ஏன்னா நீங்க நட்ட அன்னிக்கே சாயங்காலம் எடுத்துட்டுப் போயிருக்கும், அப்புறம் மழையும் ஸ்னோவும் மண்ணை சமமாக்கிடும்.

செலவில்லாத வழியிலேருந்து சொல்றேன். நட்டு முடிச்ச உடனே உதிர்ந்த தோல், பை, லேபிள் எல்லாத்தையும் கூட்டி எடுத்துடுங்க, அந்த வாசனைதான் அணிலைக் கூப்பிடுது. போன்மீல் போடாதீங்க, எலும்புத்தூள் வாசனைக்கு ரக்கூன் வரும். மண்ணை நல்லா அமுக்கி தண்ணி ஊத்தி மேல காஞ்ச இலை பரப்பிடுங்க, புதுசா கிளறின மண்ணு அதுக்குத் தெரியவே கூடாது. அடுத்தது கோழி வலைக் கம்பி, தொட்டி வாயளவுக்கு வெட்டி மண்ணு மேல விரிச்சு ஓரத்தை உள்பக்கமா மடிச்சு செருகிட்டு ஒரு கல்லு வச்சிடணும், மார்ச்ல நுனி தெரிய ஆரம்பிச்சதும் எடுத்துடணும், எடுக்க மறந்தா தண்டு வலையில சிக்கி வளைஞ்சு போகும். மிளகாய்த்தூள் தூவறவங்க நிறைய பேர் இருக்காங்க, ஒரு மழையில கரைஞ்சு போயிடும், அந்த ஜீவன் கண்ணுல பட்டா வலிக்கும், நான் அதை யாருக்கும் சொல்றதில்ல.

வலை போட்டும் கடிச்சா அணிலுக்குப் பிடிக்காததை வைங்க. டாஃபடில், அல்லியம், ஹயசிந்த், ஸ்னோடிராப் இதையெல்லாம் பொதுவா தொடாது. டூலிப்பும் குரோக்கஸும் அதுக்கு பலகாரம் மாதிரி. எங்க வரிசையில ஒரு வீட்டுல மூணு வருஷம் டூலிப் போட்டு மூணு வருஷமும் போச்சு, நாலாவது வருஷம் முழுசா டாஃபடில் வச்சாங்க, ஒண்ணுகூட குறையல.

எப்ப ஆளைக் கூப்பிடணும்: தொட்டிக்கு அடியிலயோ டெக்குக்கு அடியிலயோ வளை இருக்கு, எலிப் புழுக்கை இருக்குன்னா அது தொட்டி பிரச்சினை இல்ல வீட்டுப் பிரச்சினை, பெஸ்ட் கன்ட்ரோல் ஆளைக் கூப்பிடுங்க, வாடகை வீடுன்னா முதல்ல ஓனருக்கு எழுத்துல தெரிவிச்சுடுங்க. நீங்களா எலி விஷம் வைக்காதீங்க, பருந்து ஆந்தை பூனைக்கெல்லாம் அது போய்ச் சேரும்.

### கிழங்கு இருக்கு, ஆனா கொழகொழன்னு ஆயிடுச்சு

தனித்தனியா வைக்கச் சொன்னது இதுக்குத்தான்.

ஓரத்துல இருந்தது மட்டும் கொழகொழ, நடுவுல இருந்தது கெட்டி: இது குளிர் தாக்கினது. நிலத்துல குளிர் மேலேருந்து மட்டும்தான் இறங்கும், தொட்டிக்கு நாலு பக்கமும் அடியிலேருந்தும் தாக்கும், மைனஸ் 20 அடிக்கற ராத்திரி தொட்டியோட ஓரத்துல ஒட்டி வச்ச கிழங்குதான் முதல்ல சாகும். சின்னத் தொட்டின்னா நடுன்னு ஒண்ணே கிடையாது, எல்லாமே ஓரம்தான். அடுத்த தடவை தொட்டிச் சுவர்லேருந்து 5 சென்டிமீட்டராவது தள்ளி நடுங்க, வாய் 30 சென்டிமீட்டருக்குக் குறைஞ்ச தொட்டியை வெளியில விடவே விடாதீங்க. டிசம்பர்ல தொட்டிங்களை எல்லாம் வீட்டுச் சுவரோரமா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நெருக்கி வச்சிடுங்க, சுத்தி இலை நிரப்பின பையை அண்டக் குடுங்க (இலையுதிர் காலத்துல தெருவுல எல்லாரும் பை பையா வெளிய வைக்கறாங்கல்ல, கேட்டு வாங்கிக்கலாம், காசே கிடையாது). மேல ஸ்னோ விழுந்தா தட்டாதீங்க, அது போர்வை மாதிரி. உயரமான மாடி பால்கனியில ஸ்னோ நிக்காது, காத்து வேற சாத்தும், அங்க பபிள் ராப் ரெண்டு மூணு சுத்து சுத்தணும், தொட்டிக்கு அடியில ஸ்டைரோஃபோம் பலகை போடணும். எல்லாத்தையும்விட நல்லது ஹீட்டர் இல்லாத கராஜ். அதுக்குத் தனியா எழுதறேன்.

மேல வச்ச அடுக்கு நல்லா இருக்கு, அடி அடுக்கு எல்லாம் கொழகொழ, மண்ணு நாறுது: தண்ணி தேங்கியிருக்கு. தொட்டியைச் சாய்ச்சு அடி ஓட்டையைப் பாருங்க. பெரிய கடைகள்ல விக்கற அலங்காரத் தொட்டி நிறையத்துல ஓட்டையே இருக்காது, இல்ல ஓட்டை போட வேண்டிய இடத்துல அடையாளம் மட்டும் இருக்கும் நாமதான் தட்டி எடுக்கணும். ஓட்டை இருந்தும் தேங்கினா அடித்தட்டு காரணமா இருக்கலாம், தட்டுல நிக்கற தண்ணி உறைஞ்சு ஓட்டையை சீல் பண்ணிடும், அதனால நவம்பர்லயே தட்டை எடுத்துட்டு தொட்டிக்கு அடியில மூணு மரத்துண்டு வைங்க. அப்புறம் மண்ணு. தோட்டத்து மண்ணை அள்ளித் தொட்டியில போடாதீங்க, இங்கத்த களிமண்ணு குளிர்ல செங்கல் மாதிரி ஆயிடும். பாட்டிங் மிக்ஸ் (தொட்டிக்குன்னே கடையில விக்கற மண் கலவை) மூணு பங்கு, பெர்லைட் (வெள்ளையா லேசா இருக்கற கல்லுத் துணுக்கு) ஒரு பங்கு போதும். அடியில ஜல்லி போட்டா தண்ணி நல்லா வடியும்னு எல்லாரும் சொல்வாங்க, நானும் போட்டுப் பாத்திருக்கேன், மண்ணோட ஆழம் குறைஞ்சதுதான் மிச்சம்.

அங்கங்க ஒண்ணு ரெண்டு மட்டும் கெட்டுப்போச்சு, அடிப்பகுதி பழுப்பா, புளிச்ச வாடை: இதுதான் உண்மையிலேயே கிழங்கு மேல இருக்கற நோய், ஃபியூசேரியம்னு ஒரு பூஞ்சை. கெட்டதையும் அதைச் சுத்தி இருக்கற மண்ணையும் எடுத்து குப்பையில போடுங்க, பச்சைக் குப்பைத்தொட்டியில (கிரீன் பின்) வேண்டாம், வீட்டு உரக் குழியிலயும் வேண்டாம். வாங்கும்போதே அடிப்பக்கத்தை அமுக்கிப் பாத்து வாங்கினா இது பெரும்பாலும் வராது. மேல லேசா நீலமா பூசணம் இருந்து கிழங்கு கெட்டியா இருந்தா அது வேற, துடைச்சுட்டு நடலாம்.

### கெட்டியா இருக்கு, வேரும் இருக்கு

ரொம்ப நல்ல செய்தி. ஆழமா நட்டிருப்பீங்க, இல்ல தலைகீழா வச்சிருப்பீங்க, இல்ல லேட்டா நட்டிருப்பீங்க. கிழங்கோட உயரத்தைப் போல ரெண்டு மூணு மடங்கு ஆழம் போதும், டூலிப்னா சுமார் 15 சென்டிமீட்டர். கூர் மேல பாக்கணும், தட்டைப் பக்கம் கீழ. தலைகீழா வச்சாலும் தண்டு வளைஞ்சு மேல வந்துடும், கொஞ்ச நாள் கூட ஆகும் அவ்வளவுதான். அப்படியே விட்டுடுங்க.

### கெட்டியா இருக்கு, வேரே இல்ல

நட்ட அன்னிக்குத் தண்ணி ஊத்தலன்னு அர்த்தம், இல்ல ஊத்தினதோட சரி அதுக்கப்புறம் கராஜ்ல வறண்டு கிடந்திருக்கு. "குளிர்காலத்துல எதுக்குத் தண்ணி"ன்னு கேப்பாங்க, இலையுதிர் காலத்துல மண்ணு உறையறதுக்கு முன்னாடி கிழங்கு வேர் விடணும், ஈரம் இல்லாம வேர் வராது. இப்ப நல்லா நனையற மாதிரி ஊத்துங்க, மே நடுவுக்குள்ள வந்தா வரும், வந்தாலும் குட்டையா வரும். அதோட இந்த வருஷத்துக்கு மனசைத் தேத்திக்கணும்.

கிழங்கு காஞ்சு சக்கையா, கையில எடுத்தா காத்து மாதிரி லேசா இருந்தா அது போச்சு, காத்திருக்க வேண்டாம்.

### கராஜ் பத்தி

கராஜ்ல வச்சும் வரலன்னு சொல்றவங்க முதல்ல ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி தொட்டி பக்கத்துல வைங்க, இந்த மொத்த விஷயத்துலயும் பயனுள்ள செலவு அதுதான். 0லேருந்து 8 டிகிரிக்குள்ள இருந்தா அருமை. 10 டிகிரிக்கு மேல இருந்தா கிழங்குக்குக் குளிர்காலம் வந்ததே தெரியாது. வீட்டோட ஒட்டின கராஜ்ல வீட்டுச் சுவரோரம் சூடா இருக்கும், கதவோரம் உறையும், நடுவுல வச்சுப் பாருங்க. மாசத்துக்கு ஒரு தடவை மண்ணைத் தொட்டுப் பாத்து, காஞ்சிருந்தா ஒரு டம்ளர் ரெண்டு டம்ளர் தண்ணி. மார்ச் கடைசியில நுனி தெரிஞ்சதும் வெளிய வச்சிடுங்க, அதுக்கப்புறம் ஸ்னோ விழுந்தாலும் முளை தாங்கும்.

ஜனவரியில ஏதோ டப்பாவுல மறந்துபோன கிழங்குப் பை கிடைச்சுதுன்னா தூக்கிப் போடாதீங்க. கெட்டியா இருந்தா அன்னிக்கே தொட்டியில நட்டு தண்ணி ஊத்தி அதே கராஜ்ல வைங்க, டூலிப்புக்கு 12லேருந்து 16 வாரம் குளிர் வேணும், கணக்குப் போட்டா மே கடைசியில பூ பாக்கலாம்.

## அறிகுறி: இலை மட்டும் வருது, பூ இல்ல

### டூலிப்ல ஒரே ஒரு அகலமான இலை

அந்தக் கிழங்குல பூவே கிடையாது, சின்னக் கிழங்கு. பூக்கற கிழங்கு ரெண்டு மூணு இலை விட்டு நடுவுல தண்டு அனுப்பும். போன வருஷம் நட்ட தொட்டியை அப்படியே விட்டு இந்த வருஷம் பூ எதிர்பாத்தீங்கன்னா இதுதான் நடக்கும், பெரிய கிழங்கு உடைஞ்சு நாலு குட்டியா ஆயிடும், தொட்டியில அதுங்க மறுபடி பெருக்கறதுக்கு இடமும் இல்ல சத்தும் இல்ல.

இதை நிறைய பேர் தன்னோட தோல்வின்னு நினைச்சு வருத்தப்படறாங்க, தயவுசெஞ்சு அப்படி நினைக்காதீங்க. மே மாசம் ஆட்டவா போய் டூலிப் பாத்துட்டு வர்றோமே, 1945ல நெதர்லாந்து இளவரசி ஜூலியானா போர்க்காலத்துல அடைக்கலம் குடுத்ததுக்கு நன்றியா 100,000 கிழங்கு அனுப்பினதுலேருந்து வந்த வழக்கம் அது, அங்கயே பழசை நம்பி விடறதில்ல, ஒவ்வொரு இலையுதிர் காலத்துலயும் புதுசா நடறாங்க. தொட்டி டூலிப்பை ஒரு வருஷத்துப் பூன்னு நினைச்சு வாங்குங்க. திரும்பத் திரும்ப வரணும்னா டாஃபடில், மஸ்காரி, இல்ல டூலிப்லயே டார்தா மாதிரி காட்டு வகைங்க. வாங்கும்போது பையில சுற்றளவு போட்டிருக்கும், டூலிப்னா 12 சென்டிமீட்டரும் அதுக்கு மேலயும் வாங்குங்க, 10னு போட்ட மலிவுப் பை விலை குறைவு, பூவும் சின்னது.

### மொட்டு வந்துச்சு, காகிதம் மாதிரி காஞ்சு நின்னு போச்சு

முதல்ல தண்ணி. ஏப்ரல்ல திடீர்னு ரெண்டு நாள் 25 டிகிரி அடிக்கும், கருப்பு பிளாஸ்டிக் தொட்டி சூடாகி மண்ணு வறண்டுடும், மொட்டு அங்கேயே கருகிடும். விரலை ரெண்டு கணு உள்ள விட்டுப் பாத்து காஞ்சிருந்தா ஊத்துங்க, அந்த சமயத்துல நிழலுக்கு நகர்த்துங்க.

தண்ணி சரியா இருந்துச்சுன்னா இந்தக் கேள்வியை நான் கட்டாயம் கேப்பேன்: செப்டம்பர் அக்டோபர்ல ஆப்பிள் பறிக்கப் போனீங்களா? போயிட்டு வந்து பை பையா ஆப்பிளை எங்க வச்சீங்க? கராஜ்லயோ பிரிட்ஜ்லயோ கிழங்குப் பை பக்கத்துல வச்சிருந்தா காரணம் கிடைச்சாச்சு. பழுக்கற பழம் விடற எத்திலீன் வாயு கிழங்குக்குள்ள இருக்கற குருத்துப் பூவைக் கொன்னுடும், வெளியில கிழங்கு நல்லா கெட்டியாவே இருக்கும், இலையும் வரும், பூ மட்டும் வராது. ஆப்பிள், வாழைப்பழம், தக்காளி எதுவும் பக்கத்துல கூடாது. இது சரி பண்ண முடியாது, அடுத்த வருஷம் ஜாக்கிரதையா இருக்கலாம்.

### டாஃபடில் போன வருஷம் பூத்துச்சு, இப்ப வெறும் இலை

பூ முடிஞ்சதும் அசிங்கமா இருக்குன்னு இலையை வெட்டினீங்களா, இல்ல முடிச்சு போட்டு ரப்பர் பேண்ட் மாட்டினீங்களா? அந்த இலைதான் அடுத்த வருஷத்துப் பூவுக்கு சமைச்சுப் போடுது. பூ வாடினப்புறம் 6 வாரமாவது இலையைத் தொடக் கூடாது, அந்த 6 வாரமும் தண்ணி ஊத்தணும், தக்காளிச் செடிக்குப் போடற திரவ உரம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. அப்படியெல்லாம் செஞ்சும் வரலன்னா தொட்டியில நெருக்கம், ஜூலையில எடுத்துப் பிரிச்சு நடுங்க. பிரிக்கும்போது ஏதாவது கிழங்கு மெத்துன்னு இருந்தா நறுக்கிப் பாருங்க, உள்ள தடியா அழுக்கு வெள்ளைப் புழு ஒண்ணு சகதிக்குள்ள கிடந்தா டாஃபடில் ஈயோட வேலை, அந்த மாதிரி மெத்துன்னு இருக்கற எல்லாத்தையும் குப்பையில போட்டுடுங்க.

## அறிகுறி: பூ மண்ணோட ஒட்டி, குட்டையா விரியுது

பையில இருக்கற பேரைப் பாருங்க, சில வகை 15 - 20 சென்டிமீட்டருக்கு மேல வளரவே வளராது, அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்ல. உயரமா வளரணும்னு போட்டிருந்தும் இலைக்கு நடுவுலயே பூத்துச்சுன்னா குளிர் பத்தல. டிசம்பர் கடைசியில நட்டிருப்பீங்க, இல்ல கராஜ் சூடு, இல்ல பிரிட்ஜ்ல 6 வாரம்தான் வச்சிருப்பீங்க. பிரிட்ஜ்ல வைக்கறதா இருந்தா வாரத்தை காலண்டர்ல எழுதி வைங்க. ஃப்ரீசர்ல வச்சா சீக்கிரம் ஆயிடும்னு வச்சவங்க இருக்காங்க, உறைஞ்ச கிழங்கு உருகினதும் கொழகொழன்னுதான் வரும்.

ஊருக்கு எடுத்துட்டுப் போனா என்ன ஆகும்னு கேக்கறவங்களுக்கும் இதேதான் பதில். சென்னையில டிசம்பர் ராத்திரிகூட 20 டிகிரி, டூலிப் ரெண்டு இலை விட்டு நின்னுடும். தாவர அனுமதியும் சான்றிதழும் இல்லாம கிழங்கை இந்தியாவுக்குக் கொண்டுபோகவும் கூடாது. அம்மாவுக்குத் தொட்டியில ஏதாவது வச்சுக் குடுக்கணும்னு ஆசைன்னா அங்கயே கிடைக்கற நிலசம்பங்கி வைங்க, ரெயின் லில்லி வைங்க, முதல் மழைக்கு அது பூக்கறதைப் பாத்தா அவங்க முகமே மாறிடும்.

## அறிகுறி: இலை முறுக்கிக்கிட்டு, புள்ளி புள்ளியா, கருகின மாதிரி

### நுனி மட்டும் வெளுத்திருக்கு, மத்தபடி இலை நேரா இருக்கு

உறைபனி பட்டது. விட்டுடுங்க.

### இலை சுருண்டு, பழுப்புப் புள்ளி, ஈரமான நாள்ல சாம்பல் கலர் பஞ்சு

இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க. டூலிப் ஃபயர்னு சொல்ற பூஞ்சை நோய், மழை நாள்ல பக்கத்துத் தொட்டிக்கெல்லாம் தாவும். அந்தச் செடியைக் கிழங்கோட பிடுங்கி பையில கட்டி அன்னிக்கே குப்பையில போடுங்க. தோண்டின கிழங்குத் தோல்ல கடுகை விடச் சின்னதா கருப்பு உருண்டைங்க ஒட்டியிருந்தா சந்தேகமே இல்ல. தொட்டி மண்ணு முழுசையும் கொட்டிடணும், தொட்டியை சோப்பு போட்டுக் கழுவணும், அந்த மண்ணை வேற எங்கயும் பரப்பக் கூடாது. நிலத்துல வந்துச்சுன்னா அந்த இடத்துல 3 வருஷம் டூலிப் நடக் கூடாது, தொட்டியில மண்ணை மாத்தினாலே முடிஞ்சுது, இந்த ஒரு விஷயத்துல நமக்குத் தொட்டி வசதி. மருந்து வாங்கி அடிக்கறதுல எனக்கு நம்பிக்கை இல்ல, வந்த செடியை அது காப்பாத்தி நான் பாத்ததில்ல.

### ஒரே கலர் டூலிப்ல திடீர்னு கோடு கோடா வேற கலர்

பாக்க அழகாத்தான் இருக்கும். ஆனா பையில ஒரே கலர்னு போட்டிருந்தா அது வைரஸா இருக்கலாம், அசுவினிப் பூச்சி பரப்பும், இதுவும் கிழங்கோட போகணும்.

எப்ப தெரிஞ்சவங்ககிட்ட கேக்கணும்: ஒரு தொட்டின்னா தூக்கிப் போட்டுட்டு வேலையைப் பாருங்க. மூணு நாலு தொட்டிக்குப் பரவிடுச்சு, இல்ல காண்டோ முன்னாடி இருக்கற பொதுத் தோட்டத்துலயும் தெரியுதுன்னா போட்டோ எடுத்து டொராண்டோ மாஸ்டர் கார்டனர்ஸ்கிட்ட கேளுங்க, தன்னார்வலர்கள், காசு வாங்கறதில்ல, நிதானமா பதில் சொல்வாங்க. அதுலயும் முடிவு தெரியலன்னா குவெல்ஃப் பல்கலைக்கழகத்துல தாவர நோய் பரிசோதனைக் கூடம் இருக்கு, மாதிரி அனுப்பலாம், அதுக்குக் கட்டணம் உண்டு. 20 டாலர் கிழங்குக்கு அது தேவையில்ல, பொதுத் தோட்டம்னா நிர்வாகத்தை அனுப்பச் சொல்லுங்க.

## அறிகுறி: ராத்திரி இருந்த பூ காலையில தலையில்லாம நிக்குது

கீழ தரையிலன்னா முயல் இல்ல அணில், மாடி பால்கனியிலன்னா அணிலேதான். மொட்டு கலர் காட்ட ஆரம்பிச்ச உடனே வலைத்துணி போட்டு மூடுங்க, இல்ல வெட்டி வீட்டுக்குள்ள ஜாடியில வைங்க. நான் நல்லதா நாலு பூவை எப்பவுமே வெட்டி சாமி படத்துக்கு வச்சிடுவேன்.

## அறிகுறி: தொட்டி விரிசல், கிழங்கு மேல எம்பி வந்திருக்கு

சுட்ட மண் தொட்டி தண்ணியை உறிஞ்சி உறைஞ்சு வெடிக்கும், அது இங்கத்த குளிருக்கு ஆகாது, பிளாஸ்டிக், ஃபைபர்கிளாஸ், மரப்பீப்பாய் தாங்கும். எம்பி வந்த கிழங்கு கெட்டியா இருந்தா வேர் அறுபடாம மேல மண்ணு மட்டும் போட்டு மூடுங்க, அமுக்காதீங்க. பால்கனியில பெரிய பீப்பாய் வாங்கறதுக்கு முன்னாடி காண்டோ நிர்வாகத்துகிட்ட எடை எவ்வளவு வைக்கலாம்னு கேட்டுடுங்க, நனைஞ்ச மண்ணோட 50 லிட்டர் தொட்டி 50 கிலோ வரைக்கும்கூட வரலாம், இதுல ஊகம் வேண்டாம்.

## அறிகுறி: யாரோ கிழங்கைச் சாப்பிட்டுட்டாங்க

இதுக்கு எதையும் செக் பண்ணிட்டு இருக்காதீங்க. டாஃபடில் கிழங்கு அப்படியே வெங்காயம் மாதிரி இருக்கும், தாளு வெங்காயத்தாள் மாதிரியே இருக்கும், ரெண்டுமே விஷம், வாந்தி வயித்துவலி வரும், வேக வச்சாலும் போகாது. ஊர்லேருந்து வந்திருக்கற பெரியவங்க பிரிட்ஜைத் திறந்து பாத்து சின்ன வெங்காயம்னு எடுத்து சாம்பார்ல போட எவ்வளவு நேரம் ஆகும்? பிரிட்ஜ்ல வைக்கறதா இருந்தா காகிதப் பையில போட்டு "பூக்கிழங்கு, சமைக்காதீங்க"ன்னு தமிழ்லயே பெருசா எழுதி ஒட்டுங்க.

சாப்பிட்டது தெரிஞ்சா உடனே 1-844-764-7669க்குக் கூப்பிடுங்க, கனடா விஷ முறிவு உதவி எண் அது, மூச்சு விட சிரமம், மயக்கம், வலிப்புன்னா நேரா 911. வாந்தி எடுக்க வைக்காதீங்க, மிச்சம் இருக்கற கிழங்கைக் கையில வச்சுக்கோங்க, என்ன கிழங்குன்னு கேப்பாங்க. நாய் பூனை கடிச்சிருந்தா கால்நடை மருத்துவருக்குப் போன், நாய்க்கு டூலிப்பும் ஆகாது ஹயசிந்த்தும் ஆகாது, அதுங்க தோண்டித் தின்ன கிழங்குல எத்தனை காணோம்னு எண்ணி வச்சுக்கிட்டு போன் பண்ணுங்க.